'இல்லை' என்பவரும் 'தெரியாது' என்பவரும்

கேட்டதும் சொன்னதும்: வாசகர் கேள்விகளுக்கு, நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் பதில் எழுதுகிறார்.

போன மாதம் குலதெய்வப் பொங்கல் பற்றிய ஒரு பதிலில், 'என் கணவர் நாத்திகர், நான் அக்னாஸ்டிக்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அக்னாஸ்டிக் என்றால், கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது என்கிறவர். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். அதனால் இந்தத் தடவை முழுக்க அதே பேச்சு.

கடவுள் இல்லை என்கிறவரும் கோயிலுக்குப் போவதில்லை, இருக்கிறாரா என்று தெரியாது என்கிறவரும் போவதில்லை. வீட்டுக்குள் பார்த்தால் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் அம்மா?
*– ஒரு வாசகி, கும்பகோணம்*

சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தால் யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் கொஞ்சம் தெளிவாகும். 'கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறாயா?' என்பது ஒன்று. 'இருக்கிறாரா இல்லையா என்பது உனக்குத் தெரியுமா?' என்பது இன்னொன்று. நாத்திகர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார்: நம்பவில்லை. அக்னாஸ்டிக் இரண்டாவதற்குச் சொல்கிறார்: தெரியாது, தெரிந்துகொள்ள வழி இருப்பதாகவும் எனக்குப் படவில்லை. ஒரே ஆள் இரண்டு பதிலையும் சொல்லலாம். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1947இல் இதைப் பற்றி எழுதினார். தத்துவம் படித்தவர்களிடம் பேசினால் தன்னை அக்னாஸ்டிக் என்றும், தெருவில் போகிற சாதாரண மனிதரிடம் பேசினால் நாத்திகர் என்றும் சொல்லிக்கொள்வதுதான் சரி என்றார். கிரேக்கர்கள் கும்பிட்ட பழைய தெய்வங்கள் இல்லை என்று நிரூபிக்க அவரால் முடியாது. ஆனாலும் இருப்பார்களோ என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. கும்பிட்டுக்கொண்டே 'தெரியாது' என்பவர்களும் உண்டு. என் அம்மா அப்படித்தான். 'இருந்தா இருக்கட்டும், நான் கும்பிடறதைக் கும்பிடறேன்' என்பாள்.

இனி வீட்டு விஷயம். என் புகுந்த வீடு சாத்தூர்ப் பக்கம். மாசியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க எல்லோரும் போவோம். சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்குவது என் கணவர்தான். அடுப்புக்கு விறகு உடைப்பார், பந்தியில் பரிமாறுவார். திருநீற்றுத் தட்டு அவர் பக்கம் வரும்போது மட்டும் கைகூப்பி 'வேண்டாங்க' என்பார். பூசாரிக்கும் இத்தனை வருஷத்தில் பழகிவிட்டது. தட்டு என் பக்கம் வரும். பெரிய நாத்தனார் இரண்டு விரலால் எடுத்து என் நெற்றியில் இழுத்துவிடுவார், நான் குனிந்து கொடுப்பேன்.

இதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு, இன்றும் தீரவில்லை. 'நம்பாத ஒன்றை நெற்றியில் போட்டுக்கொள்வது பொய்' என்பது அவர் வாதம். 'அது நாத்தனார் கை, அந்தக் கையை என்னால் தள்ள முடியாது. திருநீறு பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே' என்பது என் வாதம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் நியாயமும் அவருக்குப் புரியும்.

நெருக்கடி வரும்போதுதான் விஷயம் கனக்கிறது. என் மகளுக்குச் சின்ன வயதில் டெங்கு வந்து தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன நாட்களில், மாமியார் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அந்த முடிச்சைக் கட்டிலின் தலைமாட்டில் கட்டினார். கணவர் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை, அவிழ்க்கவும் இல்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்குவதும், டாக்டரிடம் ஓடுவதுமாக இருந்தார். 'நீயும் ஒரு வார்த்தை வேண்டிக்கயேன்' என்றார் மாமியார் என்னிடம். என்னால் முடியவில்லை. நேர்த்திக்கடன் என்பது ஓர் ஒப்பந்தம். எதிரே ஆள் இருக்கிறாரா என்றே தெரியாமல் 'பிள்ளையைப் பிழைக்க வை, நான் இதைச் செய்கிறேன்' என்று எழுதிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. நாத்திகருக்கு அந்த இடத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. எனக்கு இருந்தது. இருக்குமோ, கேட்டிருக்கலாமோ என்று இரவெல்லாம் ஓடியது. பிள்ளை தேறி வந்த பிறகு மாமியாரை இருக்கன்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடனைச் செலுத்த வைத்தவர் என் கணவர். 'அது அம்மா கொடுத்த வாக்கு, நிறைவேற்ற வேண்டியதுதானே' என்றார்.

உண்மையில் அக்னாஸ்டிக் என்பவர் தைரியம் இல்லாத நாத்திகர்தானே? இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறவர் என்று எங்கள் கல்லூரி நண்பர்கள் வட்டத்தில் சொல்கிறோம்.
*– ஒரு மாணவர், கோயம்புத்தூர்*

தம்பி, அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மாமனார் வீட்டில் பக்திமான், நண்பர்கள் மத்தியில் பகுத்தறிவாளர், கேட்டால் 'நான் அக்னாஸ்டிக்' என்று முடித்துக்கொள்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரை உண்டாக்கியவரின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, இங்கிலாந்தின் உயிரியல் அறிஞர். டார்வினுக்காக மேடை மேடையாக வாதாடியவர். 1860 செப்டம்பரில் அவருடைய மூத்த மகன் நோயல் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து இறந்துபோனான். நாலு வயதுகூட நிரம்பவில்லை. சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் அவருக்கு நண்பர். அவர் ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதினார்: ஆன்மா அழியாது, பிள்ளையை மறுபடி காண்பாய் என்ற பொருளில். ஹக்ஸ்லி பதில் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது, நீளமானது.

மனிதனின் ஆன்மா அழியாது என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, நம்புவதற்குக் காரணம் தெரியவில்லை, தவறென்று நிரூபிக்கவும் வழியில்லை என்கிறார். அப்புறம் பிள்ளையை அடக்கம் செய்த நேரத்தைச் சொல்கிறார். சவப்பெட்டி அருகே நின்று பாதிரியார் பைபிள் வாசகம் படிக்கிறார். மரித்தோர் எழுந்திருக்கமாட்டார்கள் என்றால் தின்போம், குடிப்போம், நாளைக்குச் சாவோம் என்று வரும் இடம். அந்த வரி அவரை உலுக்கிவிட்டது. மறுமை இல்லை என்பதற்காக, பிள்ளையைப் பறிகொடுத்தவன் மிருகமாகிவிடுவானா என்று கொதிக்கிறார். குட்டியைச் சுட்டுக் கொன்றால் குரங்குகூட அழுது தீர்க்குமே தவிர, உடனே தின்னப் போகாது என்று எழுதுகிறார்.

நீங்களே சொல்லுங்கள். 'ஆமாம், மறுபடி பார்ப்பேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டால் அந்த இரவு கொஞ்சம் லேசாகியிருக்கும். மனைவிக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை, ஏனென்றால் அது உண்மையா என்று அவருக்குத் தெரியாது. 'அவ்வளவுதான், முடிந்தது' என்றும் சொல்லவில்லை, அதுவும் அவருக்குத் தெரியாது. இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? ஒன்பது வருஷம் கழித்து, 1869இல், 'அக்னாஸ்டிக்' என்ற பெயரை அவர் தனக்கு வைத்துக்கொண்டார். பின்னால் 1889இல் விளக்கும்போது, இது ஒரு மதமோ கொள்கையோ அல்ல, ஒரு நடைமுறை என்றார். அறிவு கொண்டுபோகிற தூரம் வரை போ, நிரூபிக்கப்படாததை நிச்சயம் என்று சொல்லாதே, அவ்வளவுதான்.

டார்வினும் இந்தப் பக்கம்தான். கடவுளை மறுக்கிறவன் என்ற பொருளில் தான் ஒருபோதும் நாத்திகனாக இருந்ததில்லை, அக்னாஸ்டிக் என்பதே பொருத்தம் என்று 1879இல் ஒருவருக்கு எழுதினார். உங்கள் நண்பர்கள் சொல்வதை அவர் முகத்துக்கு நேரேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். 1881இல் எட்வர்ட் ஏவ்லிங் என்ற நாத்திகப் பேச்சாளர் டார்வின் வீட்டில் மதிய உணவுக்குப் போனார். மரியாதையாகச் சொன்னால் அக்னாஸ்டிக், மூர்க்கமாகச் சொன்னால் நாத்திகர், இரண்டும் ஒன்றுதான் என்று வாதாடினார். 'ஏன் அவ்வளவு மூர்க்கமாக இருக்கவேண்டும்?' என்று டார்வின் கேட்டதாக ஏவ்லிங்கே எழுதியிருக்கிறார். டார்வின் வீட்டு நிலைமையை நினைத்துப் பாருங்கள். மனைவி எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர். இவர்களுடைய மகள் ஆனி 1851இல் பத்து வயதில் இறந்தாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் சர்ச்சுக்குப் போகும்போது டார்வின் தனியே நடக்கப் போவார். மனைவியைத் தடுத்ததில்லை, தானும் போய் உட்கார்ந்து நடித்ததில்லை.

ஆகவே தம்பி, ஒருவர் 'தெரியாது' என்றால் அவர் அதனால் எதை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். ஒன்றையுமே விட்டுக்கொடுக்காமல், எல்லோரிடமும் தலையாட்டுவதற்கு மட்டும் அது உதவுகிறதென்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. நாத்திகரையும் இதே போலப் பாருங்கள். அந்தக் காலத்தில் நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லி ஊரைப் பகைத்துக்கொண்டவர்கள் கொடுத்த விலை வேறு. இன்று கைப்பேசியில் நாலு பேரைச் சீண்டுவதற்கு எந்த விலையும் இல்லை.

இந்த 'தெரியாது' என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்கிறார் என் அண்ணன். உண்மையா?
*– ஒரு வாசகர், திருவண்ணாமலை*

பெயர் அங்கேயிருந்து வந்தது. பேச்சு இங்கே பழசு. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129ஆம் பாடல், இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டு, மேலே இருந்து பார்க்கிறவருக்குத் தெரியும், அல்லது அவருக்கும் தெரியாதோ என்னவோ என்று முடிகிறது. புத்தர் காலத்தில் சஞ்சயர் என்றொரு ஆசிரியர் இருந்தார். மறு உலகம் உண்டா என்று அஜாதசத்துரு அரசன் கேட்டபோது, உண்டு என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன், வேறு விதமாகவும் சொல்லமாட்டேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். அரசனுக்கு அலுத்துப்போனது. எனக்கும் சஞ்சயர்மேல் மதிப்பு வரவில்லை. எதை எப்படி விசாரித்துப் பார்த்தார் என்று அவர் சொல்லவே இல்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் மணிமேகலை இருக்கிறது. வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகப் போய்க் கேட்கிறாள். கடைசியில் வரும் பூதவாதி, கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன், மறுபிறப்பும் இல்லை, வினைப்பயனும் இல்லை என்கிறான். அவள் சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: அப்படியானால் உன் தாய் தந்தையை மட்டும் எப்படி அறிந்தாய்? அனுமானத்தால்தானே? இல்லை என்பவரிடம் 'உனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்கிற குரல் தமிழில் அப்போதே இருக்கிறது, அதுவும் ஓர் இளம்பெண்ணின் குரலாக. அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஒரு சிவில் வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். எனக்குக் கடவுள் விஷயத்தில் எந்த முடிவும் இல்லை. 'கடவுள் பெயரால்' என்று சொல்லச் சொன்னால் என்ன செய்வது? கடவுள் பயம் இல்லாதவன் பேச்சை நீதிபதி நம்புவாரா?
*– ஒரு வாசகர், திருநெல்வேலி*

இதற்குத்தான் நான் பதில் சொல்லவேண்டும். எத்தனையோ பேருக்கு உறுதிமொழி எடுத்துவைத்த வாய் இது.

நடப்பது இதுதான். டவாலி உங்கள் பெயரை வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிடுவார். நீங்கள் கூண்டில் ஏறியதும் பெஞ்ச் கிளார்க் வாசகத்தைச் சொல்வார், நீங்கள் திருப்பிச் சொல்லவேண்டும். சினிமாவில் வருவதுபோல் கீதையின்மேல் கைவைப்பதெல்லாம் கிடையாது. 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி இரண்டு விதம் உண்டு. ஒன்று, 'கடவுள் பெயரால் ஆணையிட்டுச் சொல்கிறேன்'. மற்றது, 'உளமார உறுதி கூறுகிறேன்'. அதற்குப் பிறகு வரும் பகுதி இரண்டுக்கும் ஒன்றே: நான் சொல்வது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. எதைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம், காரணம் யாரும் கேட்கக்கூடாது. கூண்டில் ஏறியதும் 'உறுதிமொழி சொல்றேங்க' என்று கிளார்க்கிடம் மெதுவாகச் சொன்னால் போதும். பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டாலும் சாட்சியம் கெடாது, அதற்கும் அந்தச் சட்டத்திலேயே வழி செய்திருக்கிறார்கள்.

கவனித்தீர்களா, 'தெரியாது' என்பவருக்கென்று மூன்றாவது வாசகம் இல்லை. தேவையும் இல்லை. 'உளமார' என்கிற வாசகம் கடவுளை மறுக்கவில்லை, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதனால் நாத்திகரும் நீங்களும் அதே வார்த்தையைச் சொல்லலாம், இரண்டு பேருக்கும் அது பொய்யாகாது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்களில் ஆணையிடுவது பாவம் என்று நினைக்கிற சில கிறிஸ்தவர்களும் இதைத்தான் கேட்டு வாங்கிச் சொல்வார்கள்.

இந்த வசதி சும்மா வரவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்துப் பாராளுமன்றம் போனார். கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி எடுக்கிறேன் என்றார், விடவில்லை. சரி, எல்லோரையும் போலவே எடுக்கிறேன் என்றார், நாத்திகன் எடுக்கக்கூடாது என்று அதற்கும் விடவில்லை. ஓர் இரவு மணிக்கூண்டில் அடைத்துவைத்தார்கள். தொகுதி காலி என்று அறிவிப்பார்கள், மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். 1886இல்தான் உட்கார முடிந்தது. கடவுள் பெயர் இல்லாமல் உறுதி எடுக்க 1888இல் அங்கே சட்டம் வந்தது. அதே 1880களில் சென்னையில் இலௌகிக சங்கம் என்ற அமைப்பு 'தத்துவ விவேசினி' என்று தமிழில் பத்திரிகை நடத்தி, பிராட்லா இயக்கத்தோடு தொடர்பில் இருந்தது. 1891இல் பிராட்லாவின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். நீங்கள் கூண்டில் நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது இவ்வளவும் பின்னால் இருக்கிறது.

நீதிபதி நம்புவாரா என்று கேட்டீர்கள். கடவுள் பெயரைச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கும் முன் பொய் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே ஆள் ஊரில் கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் பின்வாங்குவான், அதுவும் உண்மை. உளமார உறுதி சொல்லிவிட்டுப் பொய் சொன்னவர்களும் உண்டு. ஒரு வரப்பு வழக்கு நினைவில் இருக்கிறது. கறுப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், வாதிக்குச் சாட்சி. வாதி அவருடைய சொந்த மைத்துனர். குறுக்கு விசாரணையில் 'அந்த எல்லைக்கல் இருந்த இடம் மாறியிருக்கிறதா?' என்று கேட்டார் வக்கீல். பெரியவர் தன் மைத்துனர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். 'மாறியிருக்கு. மாத்துனப்ப நான் கூட இருந்தேன்' என்றார். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்ன வாசகம் சொல்லிக் கூண்டேறினார் என்பது தீர்ப்பில் எங்கும் வரவில்லை. நீதிபதி பார்ப்பது பேச்சும் ஆவணமும் ஒத்துப்போகிறதா என்பதை. பொய்ச் சாட்சிக்குத் தண்டனை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஏழு ஆண்டு வரை.

எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீடு பெரியார் வழி, சுயமரியாதைத் திருமணம்தான் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஐயர் வேண்டும், அக்கினி வேண்டும் என்கிறார்கள். மாப்பிள்ளையோ 'நான் அக்னாஸ்டிக், எப்படி நடந்தாலும் சரி' என்கிறார். எனக்குக் கோபம் வருகிறது.
*– ஒரு வாசகி, ஈரோடு*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது மகளே. அவர் கடவுள் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கல்யாணம் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டார். கடவுள் இருக்கிறாரா என்பது தெரியாமல் இருக்கலாம். யார் முன்னால், எந்த வார்த்தை சொல்லி உங்களை மனைவியாக ஏற்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் உங்களைத் தனியாக நிறுத்திவிட்டு 'எனக்கு எதுவும் சம்மதம்' என்பது பெருந்தன்மை ஆகாது. அவரை உட்காரவைத்து இதையே கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பேச்சு சுலபமாகும். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அப்படி நடந்த திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் சொல்லிவிட்டது. எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள் அந்தத் தீர்ப்பால் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று எழுதினார்கள். அதன்படி உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினாலும் போதும்.

தாலியும் அதில் இருப்பதைப் பாருங்கள். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லலாம். ஐயரும் அக்கினியும் இல்லாவிட்டாலும் கெட்டிமேளம் உண்டு, பெரியவர்கள் அட்சதை போடலாம், தாலி உண்டு. மாப்பிள்ளை வீட்டின் மறுப்பு மந்திரத்துக்கும் புரோகிதத்துக்கும்தான் என்றால் இதில் அவர்களுக்கு இடறல் இல்லை. தாலியே கூடாது என்று அவர்கள் நினைத்தால், உங்களுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். வேறு மதத்தவராக இருந்தால் 7ஏ பொருந்தாது, 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதியவேண்டும். எப்படி நடந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் மூத்தவன், நாத்திகன். தம்பி 'தெரியாது' என்கிறவன். திதி கொடுத்தே ஆகவேண்டும் என்று அம்மா அழுகிறார். இதில் ஏழு வயது மகள் வேறு, 'தாத்தா இப்ப எங்கே?' என்கிறாள்.
*– ஒரு வாசகர், மயிலாடுதுறை*

அம்மாவிடம் வாதம் வேண்டாம், இந்த வருஷம் வேண்டவே வேண்டாம். அவர் கணவனை இழந்து நிற்கிறார். காவிரிக்கரைக்கு அவரோடு போங்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்க உங்கள் கை கூசுகிறதென்றால், 'அம்மா, நான் கூட நிக்கிறேன், தம்பி செய்யட்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கரையில் வைத்துச் சொல்லாதீர்கள். தம்பி செய்யலாமா? 'இது அப்பாவுக்குப் போய்ச் சேருமா என்று எனக்குத் தெரியாதும்மா, உனக்காகச் செய்கிறேன்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டுச் செய்யலாம். பெற்றவளுக்கு அது முன்னமே தெரிந்திருக்கும். உங்கள் மனசு இடம் கொடுத்தால் நீங்களே அப்படிச் செய்வதிலும் நான் குறை காணமாட்டேன். என் கணவர் செய்யமாட்டார். அவர் தன் அப்பா நினைவு நாளில் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பார்.

மகளுக்கு: நீங்கள் 'தாத்தா செத்துப்போயிட்டார், இனி வரமாட்டார், நாம நினைச்சுக்கிட்டே இருப்போம்' என்று சொல்லுங்கள். பாட்டி 'சாமிகிட்ட இருக்கார்' என்பார், அதைத் திருத்தப் போகவேண்டாம். சித்தப்பா 'எனக்குத் தெரியலைடா கண்ணு' என்பார். மூன்று பதிலையும் ஒரு பிள்ளை தாங்கும். மகள் திரும்ப வந்து 'யார் சொல்றது சரி?' என்று கேட்கும்போது, ஒவ்வொருவரும் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அவளுடைய தாத்தா எப்படிச் சிரிப்பார், எந்தப் பேருந்தில் அவளை ஏற்றிக்கொண்டு போனார் என்பதையும் கூடவே சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத்தான் கேட்க வருகிறார்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது மதம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதாமல் விடலாமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அக்னாஸ்டிக் என்று சொல்லமுடியுமா?
*– ஒரு வாசகி, சென்னை*

பள்ளியில் விடலாம். பெற்றோர் விரும்பினால் சாதி, மதம் குறிப்பிடாமல் விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973லேயே ஆணை போட்டிருக்கிறது. அலுவலகத்தில் தெரியாது என்பார்கள், ஆணையின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதிக் கட்டத்தையும் சேர்த்து விட்டால் பிள்ளைக்கு இடஒதுக்கீடு கேட்க முடியாமல் போகும். உங்கள் கொள்கைக்கு விலையைப் பிள்ளை கொடுக்கவேண்டி வரும், அதனால் வீட்டில் பேசி முடிவெடுங்கள். மதக் கட்டத்தை மட்டும் விடுவதில் அந்தச் சிக்கல் எல்லோருக்கும் வராது. பட்டியல் வகுப்பினர் போன்ற சிலருக்கு மதமும் சேர்த்துப் பார்க்கப்படும்.

கணக்கெடுப்பில் வருகிறவரிடம் நீங்கள் சொல்வதை அவர் அப்படியே எழுதவேண்டும். 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் நாடு முழுக்கச் சுமார் 29 லட்சம் பேர். நாத்திகர் என்றே பதிந்துகொண்டவர்கள் சுமார் 33 ஆயிரம். இந்தத் தடவை உங்கள் வீட்டுக்கு ஆள் வரும்போது வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். குடும்பத் தலைவர் சொல்வதையே எல்லோருக்கும் போட்டுவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறது.